கரண்ட் விஷயத்துல கட்சிக்காரங்ககிட்ட மாட்டுன கதை இருந்தா எழுதுங்க மக்கா

டவுன்காரன்:
நம்ம திருநெல்வேலி பக்கம் பாபநாசத்துல தண்ணி கரண்ட், கூடங்குளத்துல அணு கரண்ட், ராதாபுரம் பணகுடி பக்கம் பூரா காத்தாடி, கங்கைகொண்டான்ல சோலார் தகடு செய்யுத பேக்டரி, பக்கத்து ஜில்லா தூத்துக்குடியில அனல் கரண்ட். இம்புட்டையும் வச்சுக்கிட்டு நம்ம ஆளுவ கரண்ட்ட பத்தி வாயத் தொறந்தா பேச்சு நேரா கட்சிக் கொடியில போய்த்தான் நிக்கும். என் கதைய முதல்ல சொல்லுதேன், பொறவு நீங்க எழுதுங்க.

சொந்தத்துல ஒரு மறுவீடு. சொதி, இஞ்சி பச்சடி, உருளக்கிழங்கு வறுவல்னு பந்தி நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு, திடீர்னு ஃபேன் நின்னுட்டு. எனக்கு வலப்பக்கம் பெரியப்பா, பழைய ரெட்டை இலை. எதுத்தாப்ல பொண்ணோட தாய்மாமன், உதயசூரியன். பெரியப்பா ஆரம்பிச்சாரு, "ஒங்க ஆட்சி வந்தாலே இதான்லா". தாய்மாமன் விடுவாரா, "2012ல ஒம்ம ஆட்சியில ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம்வே கரண்ட் இருந்துச்சு, கொசு கடிக்காம ஒரு ராத்திரி தூங்குனீரா"ன்னாரு. அது முந்துன அஞ்சு வருஷம் நீங்க வச்சிட்டுப் போன பாக்கின்னு இவரு. பாக்கின்னு காதுல விழுந்ததும் அந்தக் கடைசியில இருந்த தாமரைக்கார மச்சான் எந்திச்சு, ரெண்டு பேருஞ் சேந்துதான கரண்ட் போர்டை கடன்ல முக்குனிய, போர்டு கடன மாநிலம் ஏத்துக்கிடுத உதய் திட்டத்துல சேருங்கன்னு டெல்லி கூப்பிட்டப்ப அம்மா மாட்டேன்னாவ, அவிய போனப்புறம் 2017 ஜனவரியில போய்ச் சேந்தியன்னு ஒரு போடு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ரீடிங் எடுக்கத மாசாமாசம் எடுப்போம்னு சொன்னியளே என்னாச்சுன்னு பெரியப்பா அடுத்த ரவுண்டு. அதுக்குள்ள மண்டபத்துக்காரரு ஃபீஸ் கட்டைய மாத்தி மாட்டிட்டாரு. ஃபேன் சுத்துது, இவிய மூணு பேரும் நிறுத்தல. எனக்கு ரெண்டாம் சோறு போட வந்தவன் பயந்து அந்தப் பக்கமே போயிட்டான்.

லைன்மேன் அண்ணாச்சி:
தம்பி, நான் கம்பம் ஏறி ரிட்டயர்டு ஆனவன். நீங்க சொல்லுத 2012ல செக்சன் ஆபீஸ் வாசல்ல வந்து கூச்சல் போடாத கட்சி கிடையாது. ஒரு நா ஒரு சங்கத்துக்காரரு என் சட்டையப் பிடிச்சு, வடநாட்டுல கரண்ட் மிஞ்சிக் கெடக்காம், டெல்லிக்காரன் வேணும்னே தமிழனுக்கு தர மாட்டேங்கான்னாரு. கூடவே நின்ன இன்னொரு கட்சி ஆளு, இல்ல இல்ல, மெட்ராஸ்ல வாங்கத் துப்பில்லன்னாரு. நான் சொன்னேன், ஐயா, வாங்குனாலும் எதுல வரும், கம்பி வேணும்லா? அன்னைக்கு தென்னிந்திய கிரிட்டு, அதான் கரண்ட் போற கம்பிவலை, தனியா கெடந்துச்சு. மத்த நாடு பூரா ஒரே பிரீக்வென்சியில சேந்து ஓடும், நாம மட்டும் தனி, இடையில கொஞ்சம் லைன் உண்டு, அதுவும் எப்பவும் ஃபுல்லா போய்க்கிட்டிருக்கும். கர்நாடகா ராய்ச்சூர்லருந்து மகாராஷ்டிரா சோலாப்பூர் போற 765 கேவி லைன் 2013 டிசம்பர் 31ந்தேதி சேந்தப்புறந்தான் நாம நாட்டோட ஒண்ணானோம். அந்த லைன் பேரை இன்னைய தேதி வரைக்கும் ஒரு மேடையில எவனும் சொல்லி நான் கேட்டதில்ல, ஏன்னா அதுக்குக் கொடி இல்ல. சட்டையில பட்டன் போனதுதான் மிச்சம்.

காத்தாடி கதையும் அதே மாதிரிதான். ஆனி ஆடியில மாநிலத்துல நாலாயிரம் அஞ்சாயிரம் மெகாவாட்டுன்னு அடிக்கும், ஐப்பசியில சில நூறுல வந்து நிக்கும். சீசன்ல ஒரு மழை பேஞ்சு ஊரெல்லாம் ஃபேன அமத்திட்டா லோடு கீழ விழுந்திரும், அனல் நிலையத்த நெனச்ச நேரத்துக்கு அணைச்சு ஏத்த முடியாது, அணு உலை எப்பவும் ஒரே சீரா ஓடணும், அப்போ காத்தாடியத்தான் நிப்பாட்டச் சொல்லுவாவ. அத ஆட்சிக்கு எதிரா இருக்கவன் பாத்தான்னா "காசு வாங்கிட்டு காத்தாடிய நிறுத்திட்டான்", ஆட்சியில இருக்கவன் பாத்தா "காத்து இல்ல". ரெண்டும் இல்லன்னு சொன்னா நம்மள எந்தக் கட்சின்னு கேப்பாவ.

பணகுடி காத்து:
அண்ணாச்சி சொன்னதுக்கு மேல ஒண்ணு. எங்க ராதாபுரம் தொகுதி 2016ல 49 ஓட்டுல முடிவான தொகுதி பாத்துக்கிடுங்க. அதுலருந்து இங்க ஒவ்வொருத்தனும் தன் ஓட்டாலதான் சட்டசபையே நடக்குதுன்னு நெனப்புல இருக்கான், சண்டைன்னா அப்படி ஒரு சண்டை.

கிராமசபைக் கூட்டத்துல ஒரு பெரிய மனுசன், காத்தாடி வந்தப்புறந்தான் மழை போச்சு, றெக்கை மேகத்தக் கலைச்சு விட்டிருது, அந்த ஆட்சிதான் அனுமதி கொடுத்துச்சுன்னு பேசுனாரு. நான் எந்திச்சு, மாமா, மேகம் எங்க இருக்கு, காத்தாடி எங்க இருக்கு, நம்ம பக்கம் ஆடியில என்னைக்கு மழை பேஞ்சிருக்கு, ஆரல்வாய்மொழி கணவா வழியா காத்து மட்டுந்தான் வரும், நமக்கு மழை ஐப்பசி கார்த்திகைதானன்னேன். கை தட்டுனாவ. உடனே அவரு, "இவன் காத்தாடிக் கம்பெனியில வாச்மேனா இருந்தவம்லா"ன்னுட்டாரு. இருந்தேன், உண்மைதான், அதுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு அதவிட ஆத்திரம் என்னன்னா கேக்க வேண்டிய கேள்வி கெடக்கு. இங்க சுத்துத காத்தாடியில நெறைய கோயமுத்தூர் திருப்பூர் பக்கத்து மில்லுக்காரங்களோடது, இங்க உற்பத்தி பண்ணி போர்டு லைன்லயே அனுப்பி அங்க மில்லு கரண்ட் பில்லுல கழிச்சிக்கிடுதாங்க. சட்டப்படி சரிதான், நான் தப்புன்னு சொல்லல. ஆனா காத்தாடிக்காக ஓடையில மண்ணப் போட்டு ரோடு போட்டானே, அதுல தண்ணி குளத்துக்கு வரலையேன்னு நான் ஆரம்பிச்சதும் ரெண்டு கட்சிக்காரனும் ஒத்துமையா அடுத்த தீர்மானத்துக்குப் போயிட்டான்.

டவுன்காரன்:
ஒத்துமைன்னா அதுதான் ஒத்துமை.

கடக்கரை மக:
நான் கூடங்குளம் அணு உலைக்கு எதிரா போராட்டப் பந்தல் போட்ட இடிந்தகரைக்கு பக்கத்து ஊரு. 2012ல பாளையங்கோட்டையில ஒரு கடையில கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். ஊர் பேர் சொன்னாலே போதும், "ஒங்களாலதாம்மா எங்களுக்கு கரண்ட் இல்ல"ன்னு ஆரம்பிச்சிருவாவ. கடைக்கு சரக்கு எடுக்க வார ஒரு கைச்சின்னக்கார அண்ணாச்சி, வெளிநாட்டுல இருந்து ஒரு ஆளுக்கு எவ்வளவு வருதுன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாரு. எங்க அப்பா கட்டுமரம் வச்சிருந்தவரு, பந்தல்ல உக்காந்தா அன்னைக்கு கடலுக்குப் போகல, வீட்டுல உலை வைக்கதுக்கே யோசிக்கணும், இவரு காசு வருதாங்காரு.

ஆனா அவரு மேல கூட எனக்கு கோவம் இல்ல, அவரு கட்சிதான் 1988ல ரஷ்யாக்காரங்கூட கையெழுத்து போட்டுச்சு, அவரு அதே பேச்சுலதான் கடைசி வரைக்கும் நின்னாரு. எனக்கு மறக்க முடியாதது மத்தவிய. 2011 செப்டம்பர்ல மந்திரிசபை கூடி, மக்கள் பயம் தீருத வரைக்கும் வேலைய நிறுத்தணும்னு தீர்மானம் போட்டாவ. அப்போ எங்க பக்கத்து ரெட்டை இலைக்கார சித்தப்பா ஒருத்தரு பந்தலுக்கு வந்து, அம்மா நம்ம பக்கம்னு மைக்ல பேசிட்டுப் போனாரு. 2012 மார்ச்சு மாசம் 18ந்தேதி சங்கரன்கோவில் இடைத்தேர்தல். 19ந்தேதி மறுபடி மந்திரிசபை கூடுது, உலைய தொறக்கலாம், ஏரியா வளர்ச்சிக்கு 500 கோடின்னு. ஒரே ஒரு நாள் பாத்துக்கிடுங்க, ஓட்டுப்பெட்டிய இன்னும் எண்ணக்கூட இல்ல. அந்த சித்தப்பாவ ஒரு சாவு வீட்டுல பாத்து நேராக் கேட்டேன், அன்னைக்கு பேசுனது யாரு சித்தப்பான்னு. அவரு அலுங்காம, "அன்னைக்கு மக்களுக்கு பயம் இருந்துச்சு, இப்போ நிபுணர் குழு பாத்துட்டாவ, பயம் போயிட்டு"ன்னாரு. யாருக்கு போச்சுன்னு கேட்டா எங்க அம்மை என் கையக் கிள்ளுதா, சாவு வீட்டுல சத்தம் போடாதட்டின்னு.

பொறவு செப்டம்பர் 10ந்தேதி கடற்கரையில நடந்தது எல்லாருக்கும் தெரியும், கண்ணீர்ப்புகை, மணப்பாட்டுல துப்பாக்கிச்சூடு, ஒரு மீனவர் செத்தாரு. ஆயிரக்கணக்கான பேர் மேல தேசத்துரோக வழக்கு. 2013 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் ஓட்டலாம்னுட்டு. ஜூலையில மொதல் உலை ஓட ஆரம்பிச்சு, கணக்குப்படி வியாபாரத்துக்கு கரண்ட் குடுத்தது 2014 டிசம்பர் 31. 2016ல மோடி, புடின், ஜெயலலிதா மூணு பேரும் வீடியோவுல சேந்து நாட்டுக்கு அர்ப்பணிச்சாவ. அதுக்கு முந்தியே ஊர்ல கரண்ட் கட்டு கொறஞ்சு போச்சு, எங்களாலதான் கரண்ட் இல்லன்னு சொன்ன ஒருத்தரும் திரும்பி வந்து வேற எதுவும் சொல்லல.

உதயசூரியன் அண்ணன்மாரும் சும்மா இருக்கக் கூடாது. எரிஞ்ச எரிபொருள அங்கனயே சேத்து வைக்கப் போறாவன்னு 2019ல பேச்சு வந்தப்போ எங்க ஊருக்கு வந்து எம்புட்டு பேசுனிய. ஆட்சிக்கு வந்தப்புறம் அஞ்சாவது ஆறாவது உலைக்கு கட்டடம் ஏறுனப்போ ஒங்க பேச்சோட சத்தம் எறங்கிட்டு. எதிர்க்கட்சியா இருக்கையில எல்லாருக்கும் எங்க கடல் மேல பாசம் பொத்துக்கிட்டு வரும்.

அணு உலை வேணும்ங்கவன் வேணும்னு சொல்லட்டும், நான் சண்டைக்கு வருவேன், அது வேற. பத்து வருசத்துக்கு முந்தி எங்க நின்னியன்னு கேட்டா பதில் இருக்கணும்.

சேரன்மாதேவி வாழை:
தங்கச்சி, ஒங்கிட்ட வாதாட வரல. நான் அன்னைக்கு வேணும்னு சொன்னவன், வாழை காஞ்சு நிக்கும்போது அப்படித்தான் தோணும், இன்னைக்கும் அதேதான் சொல்லுவேன். ஆனா அந்த 18, 19 தேதிய எங்க ஊர்ல ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல.

என் கதை மோட்டார் கதை. 2022ல மின்சாரத் திருத்த மசோதா பார்லிமெண்டுக்கு வந்தப்போ மோட்டாருக்கு மீட்டர் மாட்டப் போறான்னு ஊரே கெடந்து அடிச்சுக்கிச்சு. தாமரைக்காரன் மசோதாவுல மீட்டர்ங்க பேச்சே இல்லங்கான், சூரியன்காரன் ஓசி கரண்ட் 90ல தலைவர் குடுத்ததுங்கான், இலைக்காரன் சிறு விவசாயிக்கு மொதல்ல குடுத்தது எம்ஜிஆர்ங்கான். நான் கேட்டேன், ஓசி சரி, மோட்டார் ஓடுத த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போ வரும்? ராத்திரி வந்தா பாம்பு பல்லிக்கு நடுவுல டார்ச்ச அடிச்சுக்கிட்டு மடை திறக்கப் போறவன் நான்லா? மூணு பேரும் ஒருத்தன ஒருத்தன் பாத்தான். சவத்தப் போடு, காபி குடிப்போம்னு போயிட்டான்.

ஏரல் பையன்:
என்னுது 2023 டிசம்பர். 17ந்தேதி ஆரம்பிச்ச மழை, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், திருச்செந்தூர்ல 69. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலே நின்னுபோச்சு. புயல் கூட கிடையாது, குமரிக்கடல் மேல ஒரு சுழற்சி. எங்க வீட்டுல தண்ணி வடியுததுக்குள்ள குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சண்டை ஆரம்பிச்சுட்டு. சென்னையில இருக்க அத்தான், வானிலை ஆபீஸ் இம்புட்டு மழைன்னு சொல்லவே இல்லங்காரு. பெங்களூர் மச்சான், 12ந்தேதியே எச்சரிக்கை குடுத்தாச்சுன்னு மந்திரியே சொல்லிட்டாவ, ஒங்க முதலமைச்சர் டெல்லிக்கு கூட்டணி மீட்டிங்குக்குப் போனாருங்காரு. நான் சார்ஜ் இல்லாத போன்ல, பாலுக்கு வழி இருக்கான்னு மெசேஜ் போட்டிருக்கேன், அதுக்கு மேல நிவாரணம் யாரு அப்பன் வீட்டுப் பணம்னு நூறு மெசேஜ்.

இதுல தாத்தா ஒருத்தரு, 92லயும் ஆத்துல வெள்ளம் வந்துச்சு, அப்போ என்னலே கிளைமேட்டுன்னாரு. தாத்தா, 92ல மலையில ஊத்துனது ஆத்து வழியா வந்துச்சு, இது ஆத்து வெள்ளம் போக ஊருக்குள்ளயும் ஊத்திருக்கு, அணைக்கே சம்பந்தமில்லாத காட்டுவெள்ளம் குளத்த ஒடச்சிருக்கு, கடல் சூடாச்சுன்னா காத்துல ஈரம் கூடும், ஊத்துத ஊத்தும் கூடும்னு டைப் பண்ணுனேன். அவரு ஒரு கும்புடு எமோஜி போட்டாரு. அடுத்த நிமிசம் பெங்களூர் மச்சான், "கிளைமேட்டு மேல பழியப் போட்டு குளத்த தூர்வாராதத மறைக்காத"ங்காரு. அதுலயும் பாதி உண்மை இருக்குன்னு சொல்லலாம்னு பாத்தேன், அதுக்குள்ள சார்ஜ் போயிட்டு.

தென்காசி சோலார் தம்பி:
நான் மாடியில சோலார் மாட்டுத வேலை பாக்கேன். 3 கிலோவாட் போட்டா 78,000 மானியம், டெல்லி திட்டம். ஒரு வீட்டுல பொண்டாட்டி வேணும்ங்காவ, வீட்டுக்காரரு "அந்தாளு கரண்ட் என் மாடியில ஏறக் கூடாது"ங்காரு. அண்ணாச்சி, சூரியன் ஒங்க சின்னந்தானன்னு சொன்னேன், ஒரு மாதிரி பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துட்டாரு. அடுத்த தெருவுல அதுக்கு நேர் எதிர், தாமரைக்காரரு, முன்னூறு யூனிட் ஃப்ரீன்னா காசு எதுக்கு கேக்கன்னு கேட்டாரு. அண்ணாச்சி, ஒரு கிலோவாட்டுக்கு சுமாரா நாலு யூனிட் ஒரு நாளைக்கு, மூணுன்னா மாசம் முன்னூத்தம்பது பக்கம், அந்த யூனிட்டுத்தான் ஃப்ரீ, தகடும் இன்வெர்ட்டரும் ஃப்ரீ இல்லன்னு சொன்னா, "நீ எதிர்க்கட்சிக்காரன் மாதிரி பேசுத"ன்னு அனுப்பிட்டாரு. ஆர்டர் போச்சு.

கடக்கரை மக:
அடுத்தது கடலுக்குள்ள காத்தாடி வருதாம் தெரியுமா? 2024ல டெல்லி மந்திரிசபை குஜராத்துக்கு 500 மெகாவாட், நம்ம கடலுக்கு 500 மெகாவாட்டுன்னு பணம் ஒதுக்கிட்டு. எங்க ஊர்ல ரெண்டு கட்சிக்காரரும் தனித்தனியா வந்தாவ, ஒருத்தரு நாங்கதான் கொண்டு வந்தோம்னு, இன்னொருத்தரு நாங்கதான் தடுப்போம்னு. எங்கனதான் ஊனப் போறாவ, மீன் கெடக்க எந்த மடையில வலை போடக் கூடாது, மேப்பக் காட்டுங்கன்னு அப்பா கேட்டாரு. ரெண்டு பேருமே தலைவர் படம் போட்ட நோட்டீஸத்தான் நீட்டுனாவ.