பொருள்: ‘பவர்-ஷேரிங்’ – அதிகாரப் பகிர்வு என்றால் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வட அயர்லாந்து பற்றி இளங்கலை மாணவர்களுக்கு எட்டுப் பக்கப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘பவர்-ஷேரிங்’ என்ற ஒரு சொல்லிலேயே மூன்று நாளாக நிற்கிறேன்.

நாளிதழ் வழக்கைப் பின்பற்றி ‘அதிகாரப் பகிர்வு’ என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, “பகிர்ந்துகொண்டால் அவரவர் பங்கு அவரவரிடம்தானே இருக்கும்? ஒருவர் விலகினால் மற்றவருடைய பங்கு ஏன் போகிறது?” என்று கேட்டாள். சரியான கேள்வி. பிரிட்டனோடு இருக்க விரும்பும் ஒன்றியவாதிகளும் அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதிகளும் சேர்ந்து ஆள வழிசெய்த 1998 ஒப்பந்தத்தின்படி அங்கே முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் பெயரளவில்தான் மேல் கீழ், அதிகாரம் சமம். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் அப்போதே முடிகிறது. 2022 பிப்ரவரியில் ஒன்றியவாதக் கட்சியான டி.யு.பி.யின் முதலமைச்சர் விலகியபோது அதுதான் நடந்தது. மே மாதத் தேர்தலுக்குப் பிறகும் அந்தக் கட்சி ஆளை நியமிக்க மறுத்தது. 2024 பிப்ரவரி 3 வரை முழு ஆட்சி இல்லை. இதைச் சொல்ல ‘பகிர்வு’க்கு வலு இருக்கிறதா?

---

வணக்கம் ஐயா. இலங்கைத் தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்களுக்கு ‘அதிகாரப் பகிர்வு’ என்றால் 1987-ஆம் ஆண்டின் 13-ஆம் திருத்தம், மாகாண சபை. மத்தியிலிருந்து கீழே இறங்குவது. உங்கள் பாடத்தில் லண்டன், வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டுக்குக் கொடுத்ததும் வரும், பெல்ஃபாஸ்டில் இரு தரப்பும் சேர்ந்து ஆள்வதும் வரும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எங்கள் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். முதலாவதற்கே ‘பகிர்வு’ இருக்கட்டும்.

---

> இதைச் சொல்ல ‘பகிர்வு’க்கு வலு இருக்கிறதா?

இல்லை. பகு என்ற வேரைப் பாருங்கள். பகுதி, பகல், பங்கு, பால், பகை எல்லாம் அதன் மக்கள். நாளைப் பகுப்பது பகல். மனம் பகுபட்டால் பகை. பகிர்வும் பகையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இந்த உண்மையை மறைக்காத சொல் நம்மிடம் ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு: பங்காளி. என் பரிந்துரை ‘பங்காளி ஆட்சி’.

பொதுக்கிணறு வைத்திருக்கும் பங்காளிகளைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் பழுது. “வரப்புத் தகராறு தீரட்டும், பிறகு என் பங்குப் பணம்” என்கிறார் ஒருவர். வரப்பு விஷயத்தில் நியாயம் அவர் பக்கமே இருக்கலாம். ஆனால் காய்வது இரண்டு வயலும், அவற்றில் கூலிக்கு நிற்பவரின் வயிறும். வட அயர்லாந்துச் சட்டமன்றம் இருக்கும் ஸ்டோர்மண்டில் நடந்தது இதுதான். ‘இரட்டையாட்சி’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது பிரிட்டிஷ் இந்தியாவின் 1919 சட்டத்தின் ஏற்பாடு, ஆளுநர் ஒரு பாதி, அமைச்சர்கள் ஒரு பாதி. ‘கூட்டாட்சி’யும் வேறு பொருளில் நிலைத்துவிட்டது.

---

ஐயா, கிணற்றை ஏற்கிறேன். பங்காளியை ஏற்க முடியவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் சொத்துச் சண்டைதான் நினைவுக்கு வரும். பிரெக்சிட்டுக்குப் பிறகு, தங்கள் நாட்டுக்குள்ளேயே ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு வரும் சரக்குக்குச் சோதனை என்பதை டி.யு.பி. எதிர்த்தது. அவர்களுக்கு அது தாங்கள் யார் என்ற கேள்வி. 2017-இல் விலகியது எதிர்த்தரப்பான தேசியவாதக் கட்சி ஷின் ஃபேன். வெப்பமூட்டும் மானியத் திட்டச் சர்ச்சையில் தொடங்கிய அந்த முடக்கம், ஐரிஷ் மொழிச் சட்டத்தில் சிக்கி 2020 ஜனவரி வரை நீண்டது. மொழிக்குச் சட்டம் கேட்டு மூன்று ஆண்டு நின்றவர்களைப் ‘பங்காளிச் சண்டை’ என்று எழுத எனக்குக் கை வராது. சொல்லிலேயே தீர்ப்பு இருக்கக் கூடாது.

புறநானூறு 58-ஐப் பாருங்கள். சோழனும் பாண்டியனும் ஒருங்கே இருப்பதைக் கண்ட புலவர், “இருவீரும் உடனிலை திரியீர் ஆயின்” உலகம் உங்கள் கையகப்படும் என்கிறார். இருவர், இரு கொடி, பிரிந்தால் பயன் இல்லை. ‘உடனிலை ஆட்சி’ என்பேன்.

---

அழகான சொல். ஆனால் இலக்கணத்தில் உடனிலை மெய்ம்மயக்கம் என்றால் ஒரே மெய் தன்னோடு தான் சேர்வது: க்க, ச்ச. வேறு மெய்யோடு சேர்ந்தால் வேற்றுநிலை. க, ச, த, ப தம்மோடு மட்டுமே மயங்கும். ர, ழ தம்மோடு மயங்கவே மயங்கா. ஒன்றியவாதிகளும் தேசியவாதிகளும் ஒரே மெய்யா? இலக்கணம் படித்தவனுக்கு ‘உடனிலை ஆட்சி’ என்றால் ஒரே கட்சி இரு நாற்காலியில் அமர்வதாகப் படும். ‘வேற்றுநிலை ஆட்சி’ என்று சொல்ல வேண்டும்.

---

நன்னூல் படித்தவர்களுக்காக மட்டும் இந்தப் பாடம் எழுதப்படவில்லை, ஐயா. ‘வேற்றுநிலை’ என்றால் என் மாணவர்கள் அயலார் ஆட்சி என்று எழுதிவைப்பார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 18 அன்று செவிலியர், ஆசிரியர், பேருந்து ஓட்டுநர் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசுப் பணியாளர்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். உறைபனிக் காலத்தில் சாலையில் உப்புத் தூவுபவர்களும் வரவில்லை. அவர்கள் கேட்டது ஊதிய உயர்வு. அதற்கான பணமும் சேர்ந்த 330 கோடி பவுண்டுத் தொகுப்பை லண்டன் முந்தைய மாதமே அறிவித்துவிட்டது. ஆட்சி திரும்பினால்தான் தருவோம் என்றது. கொள்கைக்காக விலகி நின்ற உறுப்பினர்களின் சம்பளம் 27.5 விழுக்காடு குறைந்தது, உண்மை. ஆனால் மிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது. நாம் வைக்கும் சொல், ‘ஒருவர் எழுந்தால் எல்லாம் நிற்கும்’ என்பதைக் காட்ட வேண்டும். புரியும் சொல்லானால் எதுவும் சரி.

---

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சு. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் ‘உடனிலை ஆட்சி’க்கு ஐந்து பேர், பழைய ‘பகிர்வு’க்கு மூவர், ‘பங்காளி’க்கு இருவர், ‘வேற்றுநிலை’க்கு ஒருவர். ‘உடனிலை ஆட்சி’ என்றே போடுகிறேன். லண்டன் பெல்ஃபாஸ்டுக்கு இறக்கியதற்கு மட்டும் ‘அதிகாரப் பகிர்வு’. கிணற்று எடுத்துக்காட்டையும் சேர்த்துக்கொண்டேன், அனுமதிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

---

கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பங்காளி’யை நான் விடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுந்துபோவதற்கு நீங்கள் என்ன வினை போடுகிறீர்கள்? ‘கவிழ்த்தல்’ என்றால் எதிரணி வாக்கெடுப்பில் செய்வது. ‘வெளிநடப்பு’ என்றால் மறுநாள் திரும்பி வந்துவிடுவார்கள். உள்ளே இருந்தவர், தான் எழுந்ததாலேயே ஆட்சியை நிறுத்துவதற்கு நம்மிடம் இன்னும் சொல் இல்லை.