ரூத்ஸ் கிறிஸ் ஸ்டேக்: அந்தக் கொதிக்கும் தட்டு தேவைதானா?

சீரகச்சம்பா:
ரூத்ஸ் கிறிஸ் என்ற அமெரிக்க ஸ்டேக் உணவகச் சங்கிலியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் வருவது, மாட்டுக்கறியை வைத்துக் கொண்டுவரும் அந்தச் சூடான தட்டுதான். 500 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 260. மேலே வெண்ணெய், சுர்ரென்று சத்தம், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சமையல் என்று எடுத்துக்கொண்டால் அது பிழை என்பதே என் கட்சி.

மீடியம் ரேர், அதாவது நடுவில் சிவப்பு நிற்கும் பதம் என்றால் கறியின் நடுப்பகுதி 54 முதல் 57 டிகிரி செல்சியஸ். மீடியம் 60 முதல் 63. இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு டிகிரிதான் இடைவெளி. பிராய்லர் என்ற, மேலிருந்து சூடு அடிக்கும் அடுப்பின் முன் நிற்பவர் அந்த நாலு டிகிரியைப் பிடிக்கத்தான் பாடுபடுகிறார். பிடித்து முடித்தபின் 260 டிகிரித் தட்டில் வைத்து அனுப்பினால் அவர் உழைப்பு என்னாவது?

இன்னொன்று வெண்ணெய். 175 டிகிரியை ஒட்டி அது புகைய ஆரம்பித்துவிடும். தட்டின் ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள். கறிக்கு அடியிலும் அதை ஒட்டியும் வெண்ணெய் நுரைத்துக்கொண்டிருக்கும். கறி இல்லாத விளிம்பில் பழுப்பாக ஒரு வளையம் விழும், சற்று நேரத்தில் அது கறுத்துவிடும். அங்கே சிதறிய பார்ஸ்லி இலையும் கருகிக் கசக்கும். 60, 70 டாலர் கொடுத்து வாங்கும் கறியில் கருகல் வாசம் எதற்கு?

இரும்புச்சட்டி:
இல்லீங்க சீரகச்சம்பா, நீங்க தட்டோட சூட்டை மட்டும் பார்க்கிறீங்க, அது எங்கே போகுதுன்னு பார்க்கலை.

தட்டு ஒரு கிலோ பீங்கான்னு வச்சுக்குவோம். 260லிருந்து 60க்கு இறங்குறப்போ அது விடுற வெப்பம் சுமார் 180 கிலோஜூல். இதுல பெரும்பங்கு கறிக்குப் போறதே இல்லை. வெண்ணெயில 16 சதம் தண்ணி, கறியிலிருந்து வடியற சாறும் பெரும்பாலும் தண்ணிதான். நீங்க கேட்கிற சுர்ர் சத்தமே அந்தத் தண்ணி ஆவியாகிற சத்தம். 20 கிராம் தண்ணி ஆவியானாலே 45 கிலோஜூல் போயிடுச்சு. காற்றுக்கு ஒரு பங்கு, தட்டுக்கு அடியில இருக்கிற தாங்குதட்டுக்கு ஒரு பங்கு. மிச்சம்தான் கறிக்கு.

அந்த மிச்சமும் உள்ளே போகணுமே? மாட்டிறைச்சிக்குள்ள வெப்பம் ரொம்ப மெதுவாத்தான் நகரும். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே ஏற மூணு நிமிஷத்தை ஒட்டி ஆகும். ரெண்டு சென்டிமீட்டர் ஏறணும்னா ரெண்டு மடங்கு நேரம் போதாது, நாலு மடங்கு வேணும். ஃபிலேன்னு சொல்ற மெத்துன்னு இருக்கிற துண்டு 11 அவுன்ஸ், அதாவது 312 கிராம், நாலஞ்சு சென்டிமீட்டர் உயரம் நிக்கும். அதோட நடுவுக்குச் சூடு போய்ச் சேர்றதுக்குள்ள தட்டு ஆறிடும். தோசைக்கல்லை இறக்கி வச்சா கூட நேரம் ஆக ஆக ஆறத்தானே செய்யுது? இது அதைவிட வேகமா ஆறும், ஏன்னா மேலே ஈரக்கறி உட்கார்ந்திருக்கு.

தட்டு இல்லேன்னா என்ன ஆகும்னும் பாருங்க. அவங்க பிராய்லர் 1800 டிகிரி ஃபாரன்ஹீட், 982 செல்சியஸ். மேலேயிருந்து கதிர்வீச்சா அடிக்கிற சூடு. வெளியே சட்டுனு முறுகும், உள்ளே சிவப்பு அப்படியே நிக்கும். அந்தக் கறியைச் சாதாரணத் தட்டுல வச்சா பாதி சாப்பிடறதுக்குள்ள கொழுப்பு உறைஞ்சு மேலண்ணத்துல ஒட்டும். மாட்டுக்கொழுப்பு கோழிக்கொழுப்பு மாதிரி இல்லை, கொஞ்சம் ஆறினாலே இறுகிடும். கடைசித் துண்டும் சூடா இருக்கணும்கிறதுக்காகத்தான் இந்த ஏற்பாடு.

சீரகச்சம்பா:
உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று நிமிடம் என்றால், நியூயார்க் ஸ்ட்ரிப் என்ற இன்னொரு வெட்டின் 16 அவுன்ஸ் துண்டில் என்ன ஆகும்? 454 கிராம் என்றாலும் அது அகலமாகப் படுத்திருக்கும், உயரம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர்தான். மேசைக்கு வந்து மூன்று நிமிடத்தில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் நிறமாகிவிடும். ஃபிலேயை வைத்து வாதாடிவிட்டு எல்லா வெட்டுக்கும் அதே தட்டைக் கொடுப்பது எப்படிச் சரி?

மேலும் யாரும் கறியை முழுதாக விழுங்குவதில்லை. வெட்டுகிறோம். வெட்டிய துண்டு சிவப்பு முகம் கீழே படும்படி சாய்ந்து விழுகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் துண்டு தட்டில் கிடந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மீடியம் ரேர் கறி, சிவப்பு அநேகமாகப் போய்விட்ட மீடியம் வெல் ஆகிவிடும்.

இரும்புச்சட்டி:
துண்டு விஷயத்துல நீங்க சொல்றது சரி, மறுக்கலை. அதுக்கு வழி சாப்பிடறவர் கையில இருக்கு. ஒரேயடியா வெட்டி வைக்கக் கூடாது, ஒரு வாய்க்கு ஒரு துண்டுதான். பேசிக்கிட்டே நிதானமா சாப்பிடறவங்க ஒரு படி குறைச்சுச் சொல்லணும். மீடியம் வேணும்னா மீடியம் ரேர். வெண்ணெய் பிடிக்கலைன்னா முதல்லயே சொல்லிடணும். அதிகமா வேணுமா, வேண்டவே வேண்டாமான்னு சொல்லச் சொல்லி அவங்க மெனுவே கேட்குது.

தராசு:
ரெண்டு பேரும் தட்டையே பிடிச்சுத் தொங்குறீங்க. பணம் எங்கே போகுதுன்னு பார்க்க வேண்டாமா?

அவங்க பெருமையாச் சொல்றது யு.எஸ்.டி.ஏ. பிரைம், அதாவது அமெரிக்க வேளாண்துறை குடுக்கிற உச்சத் தர முத்திரை. அந்தத் தரம் எப்படிக் குடுக்கிறாங்க தெரியுமா? 12ஆம் விலாவுக்கும் 13ஆம் விலாவுக்கும் நடுவுல வெட்டி, அந்த ஒரு முகத்துல கொழுப்பு எவ்வளவு வரிவரியா ஓடுதுன்னு பார்ப்பாங்க. மாட்டோட வயசையும் பார்ப்பாங்க. அந்த ஒரு வெட்டை வச்சு மொத்த உடம்புக்கும் முத்திரை. பிரைம், அதுக்குக் கீழே சாய்ஸ், அதுக்கும் கீழே செலக்ட்.

இப்போ ஃபிலேயை எடுங்க. அது முதுகெலும்புக்கு உள்பக்கம் இருக்கிற, அதிகம் வேலை செய்யாத தசை. எந்த மாட்டுலயும் மெத்துன்னுதான் இருக்கும், எந்த மாட்டுலயும் கொழுப்பு கம்மிதான். பிரைம்ங்கிற முத்திரையால அதுக்குக் கிடைக்கிற லாபம் கொஞ்சம். விலாப்பக்கத்து வெட்டான ரிப் ஐயில, முத்திரை குடுக்க வெட்டிப் பார்த்த அதே தசையைத்தான் சாப்பிடறீங்க. அதனால பிரைமுக்குக் காசு குடுக்கறதா இருந்தா ரிப் ஐ, ஸ்ட்ரிப் பக்கம் போங்க. ஆனா அங்கே போற நம்ம ஆட்கள் பலரும் முதல்ல கேட்கிறது ஃபிலேதான்.

இன்னொரு கேள்வி. இவங்க கறி வெட் ஏஜிங், வெற்றிடப் பையில போட்டுக் குளிர்ல வச்சுப் பதப்படுத்தறது. தி கேப்பிடல் கிரில்ங்கிற இன்னொரு ஸ்டேக் கடையில தங்களோட இடத்துலயே டிரை ஏஜிங் பண்றாங்க, அதாவது பையில்லாமக் குளிர்ல காயவைக்கிறது, 18 முதல் 24 நாள். அதுல வர்ற அந்தக் கடலை வாசம் இங்கே கிடையாது. அந்தக் குறையை வெண்ணெய் மூடுதுன்னு நான் சொல்றேன். 2023ல டார்டன் கம்பெனி சுமார் 715 மில்லியன் டாலருக்கு ரூத்ஸை வாங்கினதிலிருந்து ரெண்டு கடைக்கும் முதலாளி ஒருத்தர்தான். ஒரே வீட்டுல ரெண்டு வழி. எது உசத்தின்னு நாமதான் தேர்ந்தெடுக்கணும்.

இரும்புச்சட்டி:
தராசு, பிரைம் பத்தி நீங்க எழுதினது முழுக்கச் சரி. டிரை ஏஜிங்ல மட்டும் ஒரு திருத்தம். மெதுமைன்னு பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கறியில இருக்கிற நொதிகள்தான் நாரை உடைக்குது, பைக்குள்ள இருந்தாலும் வெளியே இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும், பெரும்பங்கு முதல் ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சிடும். வித்தியாசம் வாசத்துலயும் ஈரப்பதத்துலயும். டிரை ஏஜிங்ல ஈரம் வத்தறதும், காய்ஞ்ச மேல்தோலைச் சீவி எறியறதும் சேர்ந்து எடையில நல்ல பங்கு போயிடும். அந்த நட்டம் விலையில ஏறும். ஃபிலேக்கு மேலே கொழுப்புப் போர்வையே இல்லாததால அதை அப்படித் தனியாப் போட்டா காய்ஞ்சு வீணாகும்.

பிராட் தெரு:
தட்டையும் வெண்ணெயையும் வெறும் விளம்பரம் போலப் பேசுவது வருத்தமாக இருக்கிறது. அது நியூ ஆர்லியன்ஸ் ஊரின் கைப்பக்குவம். கொஞ்சம் பின்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ் மாட்டுலிச் என்பவர் 1927 பிப்ரவரி 5 அன்று பிராட் தெருவில், குதிரைப் பந்தயத் திடலுக்கு அருகே, கிறிஸ் ஸ்டேக் ஹவுஸ் என்று ஆரம்பித்தார். அதே நாளில் பிறந்தவர் ரூத் ஃபெர்ட்டல். வேதியியல் படித்தவர், டுலேன் மருத்துவக் கல்லூரியில் ஆய்வக உதவியாளர், மணவிலக்குப் பெற்று இரண்டு மகன்களை வளர்த்தவர். 1965இல் பத்திரிகை விளம்பரத்தில் கடை விற்பனைக்கு வந்ததைப் பார்த்து வீட்டை அடமானம் வைத்தார். 18,000 டாலர் கேட்டுப் போனவரிடம், சரக்கு வாங்கவும் பணம் வேண்டுமே என்று வங்கிக்காரர்தான் சொன்னார். 22,000 ஆனது. உணவக அனுபவம் துளியும் இல்லை. 30 பவுண்டு இடுப்புக்கறியைக் கையால் ரம்பம் பிடித்து அறுக்கக் கற்றுக்கொண்டார். பரிமாறும் வேலைக்குத் தன்னைப் போலத் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களை விரும்பி எடுத்தார்.

வாங்கிய சில மாதங்களில் செப்டம்பரில் பெட்சி புயல். மின்சாரம் இல்லை, குளிர்பெட்டியில் கறி. கெட்டுப்போக விடாமல் சமைத்துப் புயலில் அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். 1976இல் தீ விபத்து, கடை போயிற்று. பக்கத்திலேயே வேறு இடத்துக்கு மாறினார். ஆனால் விற்பனை ஒப்பந்தப்படி கிறிஸ் என்ற பெயர் பழைய முகவரிக்கு மட்டும்தான். தன் பெயரை முன்னால் ஒட்டினார். நாக்கைச் சுளுக்கும் அந்தப் பெயர் இப்படித்தான் வந்தது. அவர் 2002இல் மறைந்தார். 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு பிராட் தெருக் கடை திறக்கவே இல்லை, தலைமையகமும் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டது.

அந்த ஊர்க்காரர்களுக்கு வெண்ணெய் மறைக்கும் பொருள் அல்ல. அங்கே பார்பெக்யூ இறால் என்று கேட்டால் கரி அடுப்பே இருக்காது. வெண்ணெய், பூண்டு, மிளகு போட்ட சாற்றில் மிதக்கும் இறால் வரும், ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். இந்தச் சங்கிலியின் மெனுவிலும் அது இருக்கிறது. வெண்ணெய் இல்லாமல் ரூத்ஸ் கிறிஸ் கேட்பவர் வேறு கடைக்குப் போகலாம்.

சீரகச்சம்பா:
பிராட் தெரு, அந்த அம்மையாரின் உழைப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வெண்ணெயும் இருக்கட்டும். 260 டிகிரி எதற்கு என்பதுதான் கேள்வி. 120 டிகிரித் தட்டிலும் வெண்ணெய் உருகும், தண்ணீர் ஆவியாகும், சத்தம் வரும், விளிம்பு கருகாது.

இரும்புச்சட்டி:
120ல கிளம்பினா சமையலறையிலிருந்து மேசைக்கு வர்றதுக்குள்ள நூறுக்குக் கீழே இறங்கிடும், அப்புறம் சத்தம் எங்கே வரும்? 180, 200ன்னு நீங்க சொல்லியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன்.

புதுமுகம்:
அண்ணன்மார்களே, எல்லாம் படிச்சேன். முதல் தடவை போறவங்களுக்கு நடைமுறையா ஒண்ணு சொல்லுங்க. நாலு பேர். ஒருத்தர் சைவம், ஒருத்தர் சிவப்பு தெரிஞ்சாலே தொட மாட்டார்.

தராசு:
முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, ஸ்டேக் சொன்னா ஸ்டேக் மட்டும்தான் வரும். உருளைக்கிழங்கு, கீரை, காளான் எல்லாம் தனி விலை. ஆனா ஒரு கிண்ணம் ரெண்டு மூணு பேருக்குத் தாங்கும், ஆளுக்கொண்ணு சொல்லிடாதீங்க. நாலு பேருக்கு மூணு போதும். கிரீம் போட்ட கீரை, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, மேலே பீக்கன் பருப்பு தூவின சர்க்கரைவள்ளி. சர்க்கரைவள்ளி நல்லா இனிக்கும், அது இருந்தா கடைசியில இனிப்பு வேணாம்.

சைவம் சாப்பிடறவர் இந்தக் கிண்ணங்களை வச்சே ஒப்பேத்தலாம். இறைச்சிச் சாறு எதுலயாவது சேர்க்கிறாங்களா, தனிச் சட்டியில செய்றாங்களான்னு பரிமாறுறவர்கிட்ட உட்கார்ந்ததுமே கேட்டுடணும்.

ரெண்டு பேர் பகிர்ந்துக்க 40 அவுன்ஸ் போர்ட்டர்ஹவுஸ் இருக்கு, எலும்போட ஒரு கிலோவுக்கு மேல. ஒரு பக்கம் ஸ்ட்ரிப், மறுபக்கம் ஃபிலே, ரெண்டையும் ருசி பார்த்துடலாம். டிப் 18லிருந்து 20 சதம், வரிக்கு முந்தின தொகைக்குப் போடுங்க.

இரும்புச்சட்டி:
பதம் சொல்றப்போ வெட்டைப் பார்த்துச் சொல்லுங்க. ஃபிலே மீடியம் ரேர். ரிப் ஐ மீடியம், ஏன்னா உள்ளே ஓடுற கொழுப்பு உருகணும், ரேர்ல கேட்டா அது மெழுகு மாதிரி வாயில நிக்கும்.

சிவப்பு பிடிக்காதவருக்கு: அது ரத்தம் இல்லை, மையோகுளோபின் கலந்த தசைச்சாறுன்னு சொல்லிப் பாருங்க. அப்பவும் வேண்டாம்னா வெல் டன், அதாவது சிவப்பே இல்லாம முழுக்க வெந்தது. ஆனா 11 அவுன்ஸ் ஃபிலேயை அப்படியே வெல் டன் கேட்டா, நடு வேகறதுக்குள்ள வெளியே கட்டையாயிடும். 8 அவுன்ஸ் ஃபிலே சொல்லி, நடுவுல பிளந்து விரிச்சுப் போடச் சொல்லணும். பாதி உயரம்னா கால் பங்கு நேரம், மேலே சொன்ன அதே கணக்கு. அமெரிக்க அரசு எல்லாருக்கும் சொல்ற அளவு 63 டிகிரி, அப்புறம் மூணு நிமிஷம் ஆற விடணும். முக்கியமா கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க அதுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

புதுமுகம்:
நன்றிண்ணே. வீட்டுல இந்த மாதிரி தட்டைச் சூடு பண்ணிச் செய்யலாமா?

இரும்புச்சட்டி:
வேண்டாம். வீட்டுப் பீங்கான் 260ல இருக்கிறப்போ குளிர்ந்த கறியோ ஈரமோ பட்டா விரிசல் விட்டுச் சட்டுனு தெறிக்கும். எடுத்துட்டு வர்றவர் கை வெந்துடும். வீட்டு அவன்ல மேல்சூடு 290 டிகிரியைத் தாண்டறதே கஷ்டம், அவங்க முறுகல் அதுல வராது. கனமான இரும்புச் சட்டியைப் புகை வர்ற வரைக்கும் காயவிட்டு, கறியை நல்லா ஈரம் ஒத்தி எடுத்துப் போடுங்க. வெண்ணெயைக் கடைசி ஒரு நிமிஷத்துல மட்டும். தட்டை 90 டிகிரி அவன்ல பத்து நிமிஷம் வச்சு எடுத்தாப் போதும்.

சீரகச்சம்பா:
வீட்டுக்கு 90 டிகிரி போதும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், இரும்புச்சட்டி.

இரும்புச்சட்டி:
வீட்டுல அடுப்புக்கும் மேசைக்கும் நாலு அடி தூரம்தானே சீரகச்சம்பா. அங்கே ஒரு கூடத்தையே தாண்டி வரணும்.