கழிமுகச் சேற்றில் ஆழிப்பேரலையின் தடம்: வேதியியல் ஒன்றே போதுமா?

வண்டல்வாசகன்:
2011 மார்ச் 11 அன்று வந்த ஆழிப்பேரலையில் ஜப்பானின் செண்டாய் சமவெளியில் கடல்நீர் 4 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்தது. ஆனால் அரை சென்டிமீட்டராவது தடிப்புள்ள மணல் ஏறத்தாழ 3 கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டது; அதற்கப்பால் மெல்லிய சேறும், மண்ணில் ஊறிய குளோரைடு, சல்பேட் முதலிய கடலுப்புகளுமே நீர் வந்ததற்குச் சாட்சி. 869இல் வந்த ஜோகன் பேரலையின் மணலை இதே சமவெளியில், 915இல் தொவாதா எரிமலை கக்கிய சாம்பலுக்குக் கீழே ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். அந்த மணல் முடிந்த இடத்தையே வெள்ளமும் முடிந்த இடமாகக் கொண்டதால், அப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கத்தை 8.4 அளவில் நிறுத்திக் குறைத்து மதிப்பிட்டார்கள். ஆகவே பழைய பேரலைகளைத் தேடும்போது இத்தகைய உப்புகள் விட்டுச்செல்லும் வேதித்தடத்தையே முதற்சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

உப்பங்கழி:
செண்டாயின் நெல்வயலுக்குப் பொருந்துவது கழிமுகத்துக்குப் பொருந்தாது, ஐயா. ஓதம் நாள்தோறும் ஏறி இறங்கும் இடத்தில் உப்பு இருப்பது எதற்கும் சான்றாகாது. கடல்நீரில் உள்ள புரோமின் கரிமப் பொருளோடு பிணைந்து தங்குவதால், மட்கிய தாவரம் மிகுந்த அடுக்கில் அது எந்த அலையும் வராமலே உயர்ந்து நிற்கும். கந்தகமும் காற்றில்லாச் சேற்றில் பைரைட்டாக (இரும்புச் சல்பைடாக) தானே சேரும். குளோரைடோ மழையில் கரைந்துபோகும். நாகை வயல்களில் 2004 பேரலை ஏற்றிய உப்பின் பெரும்பகுதியை அடுத்துவந்த மழையே கழுவியதை நாம் பார்த்தோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய உப்பை எப்படி நம்புவது? கடல் டயட்டம்கள் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள்) இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதே உறுதியான வழி.

வண்டல்வாசகன்:
அந்த வழியும் செண்டாயிலேயே கைவிட்டது. 2011இன் மணல் பெரும்பாலும் கடற்கரையிலிருந்தும் மணல்மேட்டிலிருந்தும் வயல்மண்ணிலிருந்தும் அள்ளப்பட்டது என்பதால், அதில் கடல் டயட்டம்கள் ஏறக்குறைய இல்லை. கண்ணெதிரே நடந்த பேரலையையே உங்கள் அளவுகோல் மறுத்திருக்கும். புரோமினைப் பொறுத்தவரை, கரிம அளவால் வகுத்து, மேலும் கீழும் உள்ள அடுக்குகளோடு ஒப்பிட்டால் நீங்கள் சொல்லும் மயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

உப்பங்கழி:
டயட்டம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் மேலும் கீழும் ஒப்பிடுவதில்தான் என் பெரிய ஐயம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நியாவியாகும் ஆற்றின் கரையைப் பாருங்கள். 1700 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் சதுப்புநிலம் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ தாழ்ந்தது. புதைந்த பழைய மண், அதன்மேல் பேரலை விரித்த மெல்லிய மணல், அதற்கும் மேல் ஓதச்சேறு என்று அடுக்கு அமைந்திருக்கிறது. நிலம் தாழ்ந்த பிறகு உவர்நீர் நாளும் ஏறியதால் மேலடுக்கு முழுவதும் கடற்தன்மை கொண்டுவிட்டது. அங்கே மணல் இல்லாத ஓர் இடத்தில் உங்கள் அளவீடு காட்டும் உயர்வு, ஒரு மணி நேரத்து அலையால் வந்ததா, நூறாண்டு ஓதத்தால் வந்ததா?

வண்டல்வாசகன்:
நிலம் தாழ்ந்த கழிமுகத்தில் அதைப் பிரித்தறிய இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அலையின் தடம் திடீரென உயர்ந்து மீண்டும் பழைய நிலைக்கு இறங்க வேண்டும், அங்கோ அது இறங்குவதே இல்லை. நிலம் தாழாத இடங்களில் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

உப்பங்கழி:
அங்கும் புயல் வெள்ளம் அதே கடல்நீரைத்தான் கொண்டுவருகிறது. அந்த அடுக்கு எவ்வளவு தொலைவு உள்ளே தொடர்கிறது என்பதைப் பல இடங்களில் மண்ணைத் துளையிட்டுக் காட்டுங்கள். பிறகு உங்கள் பக்கம் வருகிறேன்.