எங்கள் தெரு நாய்க்கு வெறியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மூன்று வருடமாக நாங்கள் சோறு வைக்கும் செவலை நாய், நேற்றிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறது. கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் நூலாக ஒழுகுகிறது, குரைப்பே கரகரவென்று மாறிவிட்டது. பிஸ்கட்டை மோந்துவிட்டுக் கல்லைக் கடிக்கிறது. தண்ணீரைக் கண்டு பயப்படவில்லை, அதனால் வெறி இல்லை என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அதை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றுதான் படித்திருக்கிறேன். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. வாய்க்குள் கைவிடத் துணிவில்லை.

காலையில் என் மகனின் காலைக் கடித்துவிட்டது. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினோம். முதல் ஊசியும், ரத்தம் வந்ததால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் போட்டாயிற்று. அடுத்த ஊசிகள் 3, 7, 28ஆம் நாட்களில்.

நாய் இப்போது காலி மனையில், கேட்டுக்குள் இருக்கிறது. மதுரையில் இதைப் பாதுகாப்பாகப் பிடிக்க யாரைக் கூப்பிடுவது? குழுவில் கால்நடை மருத்துவர்கள் யாராவது இருக்கிறீர்களா?