அம்மாவுக்கு டச் போனா, ரெண்டு மணித்தியால நேரமா?

வெள்ளவத்தைப் பெடியன்:
போன ஞாயிறு அம்மாவுக்கு எழுபது. நான் புது டச் போன் வாங்கிக் குடுத்தன், பெட்டியைக்கூட முழுசாத் திறக்கேல்லை. தங்கச்சி வெறுங்கையோட வந்தா. அம்மாவோட நிலத்தில இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் பழைய கதை கேட்டா, போயிட்டா. இண்டைக்கும் அந்தக் கதைதான் வீட்டில ஓடுது. குடுக்கிறதில பெருசு நேரம்தான் எண்டு எனக்குப் படுது. உங்களுக்கு?

இரவு ஷிப்ட்:
குறை நினைக்காதேங்கோ, இது வசதி உள்ள ஆக்களின்ட கதை. இரவில கால் சென்டர், பகலில த்ரீவீல். மிச்சம் இருக்கிறது நித்திரை மட்டும். அம்மாவின்ட பிரஷர் குளிசை, சுகர் குளிசை எல்லாம் என்ட சம்பளத்தில. அந்தச் சம்பளம் என்ட நேரம் இல்லாம வேற என்ன?

வெள்ளவத்தைப் பெடியன்:
சரி, குளிசையைக் குடுக்கேக்க அவவின்ட முகத்தைப் பாக்கிறீங்களா?

இரவு ஷிப்ட்:
முகம் பாத்துக்கொண்டு நிண்டா ஹயர் போயிடும் அண்ணை.

நாலாம் மாடி அன்ரி:
எனக்கு 68. மகன் ரொறொன்ரோவில. கோடையில அங்க காலமை ஒன்பதெண்டா இங்க பின்னேரம் ஆறரை. வேலைக்குப் போகேக்க கார் ஸ்பீக்கரில எடுப்பான். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா எண்டு கேப்பான். நான் வாய் திறக்க, "பார்க்கிங் வந்திட்டுது அம்மா, பிறகு எடுக்கிறன்." தினமும் அரை மணித்தியாலம் கதைக்கிறன் எண்டு பெண்சாதியிட்டச் சொல்லுறானாம்!

2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்கள், ஞாபகமா? லிப்டும் இல்லை. முன்வீட்டுச் சிங்களப் பிள்ளை மெழுகுதிரியோட வந்து என்ட வாசலில குந்தினா. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவவுக்குத் தமிழ் மருந்துக்கும் இல்லை. மெழுகுதிரி முடியிற வரைக்கும் கதைச்சம். ஏழு வருசம் எதிரெதிரா இருந்தும் அவ என்ன வேலை செய்யிறா எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனை:
கரண்ட் இருந்திருந்தா வந்திருப்பாவா அன்ரி? அது பரிசில்லை, பொழுது போகாத குறை.

நாலாம் மாடி அன்ரி:
இருக்கலாம். ஆனா கரண்ட் வந்த பிறகும் வாறா. புதன்கிழமையில.

சும்மா ஒருத்தி:
கேக்கிறது லேசான வேலை எண்டு எல்லாரும் நினைக்கிறீங்கள். கொழும்பில சுமித்ரயோ எண்டொரு அமைப்பு 1974இல இருந்து இருக்கு. மனம் உடைஞ்ச ஆக்கள் சொல்லுறதைத் தொண்டர்கள் கேப்பினம், சம்பளம் இல்லை. அதுக்கும் பயிற்சி எடுத்துத்தான் இருக்கினம். புத்தி சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்கோ, பத்து நிமிசம் தாண்ட மாட்டீங்கள். ஷிப்ட் தம்பி சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. களைச்ச ஆளுக்குக் காது மட்டும்தான் அங்க இருக்கும்.

கொட்டாஞ்சேனை:
அப்ப பெடியனின்ட போன் வீணா?

வெள்ளவத்தைப் பெடியன்:
தங்கச்சியின்ட மகன் கொண்டு போயிட்டான்.

நாலாம் மாடி அன்ரி:
ஷிப்ட் தம்பி, இதில எழுதிக்கொண்டிராமல் போய்ப் படுங்கோ.

இரவு ஷிப்ட்:
குசினிக்குள்ள இருந்து அம்மாவும் அதைத்தான் கத்துறா.