சோழவரம் ஃபியட் முதல் டிராக் டே வரை: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சென்னை பக்கத்துச் சோழவரத்துல கார் ரேஸ் பார்த்தவங்க இங்க யாராவது இருக்கீங்களா? பார்க்காதவங்களுக்காக: இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம், ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி இருக்கும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் ரேஸ் நடத்திட்டு இருந்துச்சு. இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது 1990-ல.

ரேஸுக்குன்னே செஞ்ச ஒத்தை சீட்டு ஃபார்முலா கார் ஓடும்போது கூட்டம் எழுந்து நிக்கும், சரி. எனக்கு சலூன் கார் ரேஸ்தான், அதாவது ரோட்டுல ஓடுற வண்டிகளோட ரேஸ்தான் உசுரு. ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர். நேத்து வரைக்கும் ஆபீஸ் வாசல்ல நின்ன அதே வண்டி, பம்பரைக் கழட்டிட்டு, பின் சீட்டைத் தூக்கிப் போட்டுட்டு, ஹெட்லைட் உடைஞ்சா கண்ணாடி சிதறக் கூடாதுன்னு மேல டேப் ஒட்டிட்டு, கதவுல நம்பரோட வந்து நிக்கும். எங்க தெருவுல ஓடுற வண்டி ஜெயிக்குதுங்கிற பெருமை வேற எந்த ரேஸ்லயும் வராது.

எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் ஒரு தடவை என்னை உள்ள கூட்டிட்டுப் போனார். ரேஸ் முடிச்சு ஒரு ஃபியட் வந்து நின்னுச்சு. நாலு சக்கரமும் டிரம் பிரேக், அதாவது சுத்துற டிரம்முக்குள்ள ஷூங்கிற வளைஞ்ச கட்டை விரிஞ்சு உரசிப் பிடிக்கும். பக்கத்துல போனாலே அனல் முகத்துல அடிக்குது, ஷூ மேல ஒட்டின லைனிங் கருகின வாசனை. “பெடல் எவ்வளவு கீழ போனா பிரேக் பிடிக்குதுண்ணே?”ன்னு மெக்கானிக் அண்ணன் கேட்டார். “தரையில”ன்னு ஓட்டினவர் சிரிச்சார். சூட்டுல டிரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகிப் போயிடும், பெடலை ரெண்டு மூணு தடவை மிதிச்சு ஏத்தினாத்தான் பிடிக்கும். வளைவு வர்றதுக்கு முன்னாடியே அதையும் பண்ணிட்டு, கியரைக் குறைச்சு இன்ஜினாலயும் வேகத்தை இறக்குவாங்க. இரட்டை கார்புரேட்டர் பத்தி அன்னைக்கு எவ்வளவோ பேசினாங்க, என் மனசுல நின்னது இந்த பிரேக் பேச்சுதான்.

*

சார், நான் சோழவரம் பார்த்ததில்லை. எங்க காலம் இருங்காட்டுக்கோட்டையில மாருதி எஸ்டீம் உள்பக்கப் பின் சக்கரத்தைத் தூக்கிட்டு வளைவுல திரும்பின காலம். ஆனா நீங்க சொன்ன பிரேக் கதை டிஸ்க் பிரேக்லயும் அப்படியே இருக்கு, ரூபம்தான் வேற.

சாதாரண ஹேட்ச்பேக்கை அதே இருங்காட்டுக்கோட்டையில டிராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியை ரேஸ் டிராக்ல ஓட்டிப் பார்க்கிற நாளுக்கு, எடுத்துட்டுப் போறேன். 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. ரோட்டுல ஒரு மாசத்துல அடிக்கிற பலமான பிரேக்கை அங்க ஒரே லேப்ல அடிச்சிடுவோம். அதனால பவர் ஏத்தற வேலை எதையும் நான் தொடல, முதல் செலவு பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 4 ரக ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்ங்கிறது கணக்கு, ஈரம் ஏறினதுக்கு அதுவே 155 டிகிரிதான். கொதிச்சா குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் சொதசொதன்னு உள்ள போகும். பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலைன்னா அது ஆயில் இல்லை, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட் சூட்டுல வழுக்குது. ரெண்டையும் குழப்பிக்கிட்டு ஆயிலை மாத்தி மாத்திப் பணத்தை விட்டவங்களைப் பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு. போன தடவை ஒருத்தர் முழு வேகத்துல சுத்திட்டு, சூடு ஆற மெதுவா ஓட்டுற கூல் டவுன் லேப் எதுவும் போடாம நேரா வண்டி நிறுத்துற பிட்டுக்குள்ள வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டார். முன் சக்கரத்துல புகை. பின்னாடி ஷூ டிரம்மோட ஒட்டிக்கிச்சு, மூணு பேர் தள்ளியும் வண்டி நகரல. நிறுத்தினா கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

*

டயர் பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். சூடானா காத்தழுத்தம் அஞ்சாறு பிஎஸ்ஐ சர்வசாதாரணமா ஏறும். கிளம்பும்போது அளந்ததை நம்பாதீங்க, உள்ள வந்த உடனே அளந்து இறக்குங்க. எவ்வளவு இறக்கணும்னு பார்க்க என்கிட்ட இருக்கிற கருவி ஒரு சாக்பீஸ். டயரோட தோளிலிருந்து, அதாவது ரோட்டுல உரசுற பாகம் முடியற ஓரத்துலேர்ந்து, பக்கச் சுவர் வரைக்கும் ஒரு கோடு போட்டுட்டு நாலு லேப் போயிட்டு வாங்க. பக்கச் சுவர்ல சின்னதா ஒரு முக்கோணக் குறி இருக்கும், கோடு அது வரைக்கும் அழிஞ்சா சரி. அதையும் தாண்டினா டயர் மடங்குது, காத்து பத்தலை. தோள்லயே சாக் மிச்சமிருந்தா காத்து அதிகம். முன் சக்கர டிரைவ் வண்டியில வெளித்தோள் மட்டும் தேயும், சக்கரத்தோட மேல்பக்கம் கொஞ்சம் உள்ள சாயற மாதிரி நெகட்டிவ் கேம்பர் வெச்சா ஆயுசு கூடும்.

வீல் நட்டை, முறுக்கு எவ்வளவுன்னு காட்டுற டார்க் ரெஞ்ச்ல மறுபடி ஒரு தடவை பாருங்க. மேட், ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் இறக்கிடுங்க. பெடலுக்கு அடியில உருண்டு வந்த பாட்டிலைவிட பயங்கரமான எதிரி டிராக்ல கிடையாது.

*

அருமைங்க ரெண்டு பேரும். இன்ஜின் ஆயிலை அளவுக் குச்சியோட மேல்கோடு வரைக்கும் வெச்சுக்கங்கன்னு நானும் ஒண்ணு சேர்த்துக்கறேன். நீளமான வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் காத்தை இழுத்துடும், பிரஷர் லைட் ஒரு கணம் மின்னினாலும் காலை எடுத்துடுங்க. பெட்ரோலும் கால் டேங்குக்குக் கீழ போனா அதே கதைதான்.

அப்புறம் தம்பி, இன்ஷூரன்ஸ் தாளைப் பிரிச்சுப் படிச்சீங்களா? ரேஸ், வேகச் சோதனைக்கெல்லாம் வழக்கமான பாலிசி பொருந்தாது. சுவத்துல மோதினா செலவு முழுக்க நம்ம பாக்கெட்தான். அதை வீட்ல முன்கூட்டியே சொல்லிட்டீங்களா இல்லையாங்கிறது உங்க சொந்த விஷயம், நான் தலையிடல.