டிக் பதில் தருகிறது, பிங் மட்டும் பெயரே தெரியாது என்கிறது

தனிமுனை:
வீட்டில் ஒரு பழைய கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் (பெயரைக் கேட்டால் ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்) ஓடுகிறது, முகவரி 192.168.1.10. கோப்புகள் இருக்கும் இயந்திரத்துக்கு அதில் ‘ஸ்டோர்.லோக்கல்’ என்று பெயர் கொடுத்திருக்கிறேன். மடிக்கணினியில் டெபியன் 12 லினக்ஸ். அந்தப் பெயருக்கு டிக் (டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுப் பார்க்கும் கட்டளை) அடித்தால் உடனே 192.168.1.20 வருகிறது. பிங் (இயந்திரம் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்தால் ‘நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்’. உலாவியிலும் அதே கதை. வெளித் தளங்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃபில் 192.168.1.10 மட்டும்தான் இருக்கிறது. வேறு எங்கே பார்ப்பது?

கருந்திரை:
உலாவி மட்டும் தகராறு செய்தால் அதிலுள்ள ‘செக்யூர் டிஎன்எஸ்’ (உலாவி தானே வெளி சர்வரிடம் கேட்கும் வசதி) மேல் சந்தேகப்படலாம். பிங்கும் தோற்கிறதே! டிஎன்எஸ்மாஸ்க்கை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

வேர்ப்பயனர்:
டிஎன்எஸ்மாஸ்க்கைத் தொட வேண்டாம், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. டிக் நேராக ரிசால்வ்.கான்ஃபில் உள்ள சர்வரிடம் போய்க் கேட்கும். பிங் அப்படியில்லை. அது ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை நூலகம்) வழியாகக் கேட்கும், பெயரை எங்கெங்கே தேடுவது என்று என்எஸ்எஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் உள்ள வரிசைப்படி ஜிலிப்சி நடக்கும். ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் ஸ்டோர்.லோக்கல்’ என்று அடித்துப் பாருங்கள், அதுவும் பிங் போகும் வழியிலேயே போகும். அப்புறம் அந்தக் கோப்பில் ‘ஹோஸ்ட்ஸ்’ வரியை இங்கே போடுங்கள்.

தனிமுனை:
கெட்என்ட் எதுவும் காட்டாமல் முடிந்துவிடுகிறது. வரி இது:
ஹோஸ்ட்ஸ்: ஃபைல்ஸ் எம்டிஎன்எஸ்4_மினிமல் [நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன்] டிஎன்எஸ்

வேர்ப்பயனர்:
அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் காரணம். ‘லோக்கல்’ என்று முடியும் பெயர் வந்தால் எம்டிஎன்எஸ் (சர்வர் இல்லாமல் கருவிகள் தங்களுக்குள் பெயர் கேட்டுக்கொள்ளும் முறை) முதலில் அவாஹி என்ற நிரல் மூலம் நெட்வொர்க்கில் கூவிக் கேட்கும். யாரும் பதில் சொல்லாவிட்டால் ‘இல்லை, அதோடு நிறுத்து’ என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. கடைசியில் நிற்கும் டிஎன்எஸ் வரை கேள்வி போவதே இல்லை. மற்ற பெயர்களை எம்டிஎன்எஸ் கண்டுகொள்ளாது, அதனால்தான் வெளித் தளங்கள் திறக்கின்றன.

அந்தக் குறிப்பை அழித்தாலும் வேலை நடக்கும். ஆனால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். 2013இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ‘லோக்கல்’ என்ற முடிவை எம்டிஎன்எஸ்ஸுக்கே ஒதுக்கிவிட்டது. இன்று இந்த மடிக்கணினியில் அழிப்பீர்கள், நாளை இன்னொரு கருவியில் இதே சிக்கல் வரும். வீட்டு நெட்வொர்க்குக்கென்றே ‘ஹோம்.ஆர்ப்பா’ இருக்கிறது (ஆர்எஃப்சி 8375, 2018). டிஎன்எஸ்மாஸ்க்கில் பெயரை ‘ஸ்டோர்.ஹோம்.ஆர்ப்பா’ ஆக்குங்கள். ‘லோக்கல்=/ஹோம்.ஆர்ப்பா/’ வரியையும் சேருங்கள், அப்போதுதான் இந்தக் கேள்விகள் வெளி சர்வருக்குக் கசியாது.

தனிமுனை:
மாற்றிவிட்டேன். கெட்என்ட், பிங், உலாவி மூன்றிலும் 192.168.1.20 வருகிறது. எஃப்எஸ்டேபில் (எந்தக் கோப்பகத்தை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பு) என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) மவுண்ட் வரியிலும் பழைய பெயர் இருந்தது, அதையும் மாற்ற வேண்டியிருந்தது. மிக்க நன்றி.